இளம் ஆராய்ச்சியாளரை ஆற்றுப்படுத்துதல்

பொருட்செல்வம் ஈட்டினான் ஒருவன் அதனைப் பேழையிற் பூட்டி வைப்பினும் அது குறைவதில்லை. அறிவுச்செல்வமோ அத்தன்மைத்தன்று. பிறர்க்கு வழங்காது வைத்த அறிவு இருந்தும் இல்லாததேயாம். ஒருவர் கண்ட உண்மை பலர் செவியிற் புகுந்து, பலரால் தடை விடைகளால் ஆராயப்பட்டு, தக்கதெனத் துணியப்பட்ட பின்னரே உலகிற்குப் பயன்படுகின்றது. அங்ஙனம் உண்மைகளைக் கொடுக்கவும் கொள்ளவும் அறிஞர் கூடும் சந்தையே மாநாடு எனப்படுவது. அச்சந்தைக்குச் செல்ல வழிச்செலவின்றி, விளைந்த பொருளை வீட்டிலேயே வைத்து வாடும் இளைஞர் நம் நாட்டிற் பலர். அவருள்ளும், பிறவிக் குறைகளின் காரணத்தையும் தடுப்பையும் ஆராயும் இளைஞர் திறத்தில் நாம் ஆற்றத்தக்க கடமை யாது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சு எற்றுக்கு என நண்பர் சிலர் வினவக்கூடும். அவர்க்கு நம் இலக்கியமே விடை தரும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுறுத்திய புறநானூற்று 28-ஆம் பாட்டு, மக்கட் பிறப்பில் நேரும் எண்வகைக் குறைகளை வரிசைப்பட எண்ணுகின்றது. பார்வையின்மை, உறுப்பு அமையாத தசைப்பிண்டம், கூன், குறுமை, பேச்சின்மை, செவிட்டுத்தன்மை முதலியன அவ்வரிசையில் வருவன. இனி, பூவிருந்தவல்லிக்கு அணித்தாயுள்ள திருமழிசையில் தோன்றிய ஆழ்வாரின் வரலாறோ இன்னும் உருக்கம் வாய்ந்தது. அவர் கை கால் அமையாத பிண்டமாய்ப் பிறந்தனர் என்றும், பெற்றோர் பிரம்புத் தூற்றின்கீழ் விட்டு நீங்கினர் என்றும், பின்னர் உறுப்பமைந்து அழுத அக்குழவியைத் திருவாளன் என்னும் பிரம்புத் தொழிலாளி எடுத்துச் சென்று தன் மனைவி கையிற் கொடுத்து வளர்த்தனன் என்றும் வைணவப் பெரியோர் கூறுவர்.

இவ்விரண்டும் நமக்கு உணர்த்துவன யாவை? குறைகளை நோக்கி வகைப்படுத்தும் அறிவு நம் முன்னோர்பால் இருந்தது. கைவிடப்பட்ட குழவியை வாரி எடுக்கும் அன்பும் இருந்தது. இல்லாதிருந்தது ஒன்றே, குறை எதனால் நேர்ந்தது, அதனை எவ்வாறு தடுக்கலாம் என்னும் காரண அறிவே அது. அவ்வறிவு வாயாமையினாலன்றோ, பிள்ளை குறையுடன் பிறந்தால் தாயின் வினை என்றும், கிரகண நேரத்தில் வெளியே வந்தாள் என்றும் இன்றும் பேசுகின்றனர்! குறையுடன் வாழ்வோரைப் பழைய நூல் போல எச்சம் என்று ஒதுக்குதல் நம் கருத்தன்று. அவர் நம்மோடு ஒத்த உரிமையுடைய மக்கள். தடுக்கத்தக்க துன்பத்தைத் தடுப்பதும், பிறந்துவிட்ட குழந்தைக்கு வேண்டுவன காலத்தே செய்வதுமே இவ்வாராய்ச்சியின் நோக்கங்களாம்.

துன்பத்தின் அளவைச் சிறிது நோக்குவோம். பிறவிக் குறைகளால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,40,000 குழந்தைகள் பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனத்தார் கணக்கிடுகின்றனர். கடுமையான குறையோடு பிறக்கும் குழந்தைகளுள் பத்தில் ஒன்பது, வருவாய் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளிலும் பிறப்பனவாம். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு தொடங்கிய ராஷ்ட்ரீய பால் சுவாஸ்த்ய கார்யக்ரம் என்னும் சிறார் நலத் திட்டம், நரம்புக்குழல் குறைபாடு, டவுன் நோய்க்குறி, உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும், வளைந்த பாதம், இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறை, பிறவிக் கண்புரை, பிறவிச் செவிடு, பிறவி இதயக் கோளாறு, குறைமாதக் குழந்தையின் விழித்திரை நோய் என ஒன்பதனைத் தேடிக் கண்டறியுமாறு பணித்துள்ளது. துன்பம் மிகுதியும் நம்மைப் போன்ற நாடுகளில். அதனை ஆராயும் பேரவைகளோ பெரும்பாலும் செல்வ நாடுகளில். நோயைக் கண்ணாற் காண்போர் ஓரிடத்தும், அதனைப் பற்றிப் பேசுவோர் வேறோரிடத்தும் இருத்தல் பொருந்துமோ?

மாநாட்டில் ஒரு பேச்சு என்ன செய்துவிடும் என்று எளிதாக எண்ணுவோர்க்கு மூன்று வரலாறுகளைக் காட்டுவோம்.

முதலாவது, சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் என்பாரது. 1941-ஆம் ஆண்டு கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்திற்கு மேலாகத் தம்மிடம் வருதலை அவர் கண்டார். காத்திருந்த தாய்மார், தாம் கருவுற்றிருந்த காலத்து ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை கண்டமையைத் தம்முட் பேசிக்கொண்டது அவர் செவியிற் பட்டது. ஏனைய மருத்துவரையும் வினவி 78 குழந்தைகளின் செய்தியைத் திரட்டினார். அவற்றுள் 68 குழந்தைகளின் தாய்மார் அந்நோய் கண்டவராயிருந்தனர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் மெல்போர்ன் நகரிற் கூடிய கண் மருத்துவர் அவையில் இதனைப் படித்தார். எல்லோரும் உடனே நம்பிவிட்டனர் அல்லர். 1944-ஆம் ஆண்டிலும் இலண்டன் லான்செட் இதழ் அவர் கூற்று இன்னும் நிறுவப்படவில்லை என்றே எழுதிற்று. எனினும், அவையில் வைத்த உண்மை மறைக்கக்கூடியதன்று. பிற நாட்டு மருத்துவர் தத்தம் ஊர்க் குழந்தைகளை நோக்கினர், ஐயம் நீங்கிற்று. 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ருபெல்லாத் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. நம் நாட்டிலோ அவ்வூசி 2017-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற்றான், தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து பகுதிகளில், பொது இயக்கமாகத் தொடங்கப் பெற்றது. அன்று பள்ளிச் சிறுவராயிருந்த நம்மிற் பலர், வீட்டிற் பரவிய வதந்திகளுக்கு அஞ்சிய கையை நீட்டி அவ்வூசியை ஏற்றவரே. 1941-க்கும் 2017-க்கும் இடையே 76 ஆண்டுகள்! உண்மை ஒரு நாட்டிற் பிறந்து மற்றொரு நாட்டிற்கு வந்து சேர இத்துணைக் காலம் ஆகுமாயின், இடைப்பட்ட காலத்துப் பார்வையும் செவியும் இழந்து பிறந்த குழந்தைகளுக்கு யார் விடை கூறுவர்?

இரண்டாவது, தாலிடோமைடு என்னும் மருந்தின் கதை. 1957-ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த இத்தூக்க மருந்தைக் கருவுற்ற மகளிரும் உண்டனர். கையும் காலும் குறுகிய குழந்தைகள் ஆயிரக்கணக்கிற் பிறந்தன. ஹாம்பர்க் நகரத்துக் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ் என்பார், தாய்மாரை வீடு வீடாகச் சென்று வினவி, இம்மருந்தே காரணமாகலாம் என ஐயுற்றார். 1961 நவம்பர் 18-ஆம் நாள் டுசல்டார்ப் நகரிற் கூடிய குழந்தை மருத்துவர் கூட்டத்தில் எழுந்து, மருந்தின் பெயரைக் கூறாமலே தம் ஐயத்தை வெளியிட்டார். கூட்டம் முடிந்தபின் மருத்துவர் ஒருவர் அவரைத் தனியே அணுகி, அம்மருந்து இன்னதுதானோ என்று வினவினாராம். அவர் மனைவியும் அதனை உண்டிருந்தார். அவர்க்கும் அத்தகைய குழந்தை பிறந்திருந்தது. அன்றிலிருந்து பத்து நாட்களுக்குள் அம்மருந்து ஜெர்மனியிற் கடைகளினின்று திரும்பப் பெறப்பட்டது. மேடையிற் பேசியது ஒரு பங்கு. மேடையினின்று இறங்கிய பின் பேசியது மற்றொரு பங்கு. இவ்விரண்டும் கூடியதே மாநாடு என்பதனை இக்கதை நன்கு காட்டும்.

மூன்றாவது நமக்கு மிக அணித்தான கதை. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ மாது 1928-ஆம் ஆண்டு பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்டிரின் இரத்தசோகையை ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி, இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் நடத்திய தாய்மார் இறப்பு விசாரணையைச் சார்ந்தது. குன்னூரிலும், திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் பணி செய்ததுண்டு. ஈஸ்டின் சாற்றில் அச்சோகையைத் தீர்க்கும் ஏதோ ஒரு பொருள் உளது என்று 1931-ஆம் ஆண்டு அவர் எழுதினார். அப்பொருள் பின்னர் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. அதனை ஆராய்ச்சிச்சாலையிற் செய்து காட்டியவர் யாவர்? சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் தலைமையில், அமெரிக்க லெடர்லே ஆராய்ச்சிச்சாலையில் உழைத்த குழுவினரே 1945-ஆம் ஆண்டளவில் அதனைச் செய்தனர்.

அச்சுப்பாராவ் 1920-களின் தொடக்கத்தில் கப்பலேறிய வரலாற்றை நண்பர்கள் ஊன்றி நோக்குவாராக. சென்னையிற் கதர் உடுத்தமையால் ஆசிரியரின் மனக்கசப்பிற்கு ஆளாகி, உயர்ந்த பட்டம் கிடைக்காது குறைந்த பட்டமே பெற்றவர் அவர். கையிற் பொருளில்லை. காக்கிநாடாவிலிருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் உதவுவதாக வாக்களித்தது. மாமனார் பொருள் திரட்டித் தந்தார். அப்பொருள் கொண்டு பாஸ்டன் நகரம் சேர்ந்து, மருத்துவமனையிற் கூலி வேலையும் செய்து பயின்றார். 1991-ஆம் ஆண்டு, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தார் ஏழு நாடுகளில் 33 இடங்களில் 1,817 மகளிரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு வெளிவந்தது. முன்பு நரம்புக்குழல் குறையுள்ள கருவைத் தாங்கிய தாய்மார், அடுத்த கருவிற்கு முன்னரே ஃபோலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் வருவது நூற்றுக்கு 72 பங்கு தவிர்க்கப்படும் என்பது அதன் முடிவு. ஓர் அறநிலையத்தார் வழங்கிய வழிச்செலவு எங்குச் சென்று பயன்பட்டது பாருங்கள்! அதனை நல்கியவர் முதுகுத்தண்டுப் பிளவைப் பற்றிக் கனவினும் நினைத்திரார். விதைத்தவன் அறியாத விளைவு இது.

இது நிற்க. இக்கதைகள் எல்லாம் தொலைவில் நிகழ்ந்தனவென்று எண்ணற்க. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் உளது. லூசி வில்ஸ் ஈடுபட்ட விசாரணையை நடத்திய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கமே 1949-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் எனப் பெயர் மாறிற்று. அம்மன்றத்தின் உறுப்பே இந்நிறுவனம். 1999 ஜூலை 2-ஆம் நாள், ஆவடியிலிருந்த ஜால்மா தொழுநோய்க் களப்பிரிவும் சென்னையிலிருந்த மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிலையமும் ஒன்றாக இணைந்து இது தோன்றிற்று. ஆவடிக் களப்பிரிவினர் 1991-ஆம் ஆண்டு முதல் செங்கற்பட்டு மாவட்டத்து ஊர்களிற் புகுந்து, ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்டோரைக் கொண்டு தொழுநோய்த் தடுப்பூசிகளைச் சோதித்தவர். அம்மரபில் வந்த அயப்பாக்கம் நிறுவனமே, 2016 டிசம்பர் முதல், கிரெக் கண்ட அதே நோயை, தாயின் ருபெல்லாவால் குழந்தைக்கு வரும் பிறவிக் குறையை, இந்தியாவின் ஐந்து மருத்துவமனைகளிற் கண்காணிக்கும் பணியை ஒருங்கிணைக்கத் தொடங்கிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவ்வைந்தனுள் ஒன்று.

போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனையில் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் உடைய குழந்தைகளுக்கு அறுவை செய்வதோடு, பேச்சுப் பயிற்சியை ஊர்ப்புறங்களுக்கும் கொண்டு செல்கின்றனர். பூவிருந்தவல்லியிற் பொதுச் சுகாதாரப் பணியாளர்க்குப் பயிற்சியளிக்கும் அரசு நிலையம் உளது. சென்னையில் ஃபீட்டல் கேர் ரிசர்ச் பவுண்டேஷன் என்னும் அமைப்பார் 2001-ஆம் ஆண்டு இந்தியப் பிறவிக் குறைப் பதிவேட்டைத் தொடங்கினர். நாம் நாள்தோறும் மின்தொடர் வண்டியிலும் பேருந்திலும் கடந்து செல்லும் இவ்வூர்களில், உலகம் கேட்க விரும்பும் செய்திகள் ஏடுகளில் எழுதப்படுகின்றன.

அவற்றை எழுதுபவர் யாவர்? பெரும்பாலும் இளைஞர்; அவருள்ளும் மகளிர் மிகுதி. வீடு தேடிச் சென்று தாயின் கண்ணீரினிடையே வினா வினவுபவர், இரத்தத்துளி எடுத்துப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொணர்பவர், கணக்குகளை இரவெல்லாம் சரிபார்ப்பவர் இவரே. இளநிலை ஆராய்ச்சியாளர்க்கு நடுவணரசு 2023 ஜனவரி முதல் வகுத்த உதவித்தொகை திங்கட்கு 37,000 ரூபாய். திட்ட உதவியாளராகப் பணிபுரிவோர் அதனினும் குறையப் பெறுதலும் உண்டு. வீட்டு வாடகை போக, தம்பி தங்கையர் படிப்புச் செலவு போக, எஞ்சுவது யாது? பன்னாட்டு மாநாட்டிற்குப் பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, நுழைவிசைவுக் கட்டணம், தங்குமிடம் ஆகிய அனைத்தையும் இவர் தம் கைப்பொருளாற் கொடுத்தல் இயலுமோ? ஆதலின் கட்டுரை ஏற்கப்பட்டும் செல்லாதார் உளர். இவர்க்கு மாறாக முதியவர் சென்று படித்தலும் உண்டு. படிப்பவர் அறிஞரே, ஆயினும், களத்திற் கண்டவன் கூறும் நுட்பமும், வினவப்பட்ட வினாவினால் அவன் உள்ளத்தில் எழும் புதிய எண்ணமும் அங்ஙனம் சென்றவராற் கிடைப்பதில்லை.

உதவியே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் பன்னாட்டுப் பயண உதவித் திட்டம் ஒன்றை நடத்தி வந்தது. அவ்வாரியத்தின் பணிகள் 2024-ஆம் ஆண்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தன. மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தாரும் பயண உதவி வழங்குவதுண்டு. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு தோன்றிய டெரட்டாலஜி சங்கம், 2019-ஆம் ஆண்டு பிறவிக் குறை ஆராய்ச்சிக்கும் தடுப்பிற்கும் உரிய சங்கம் எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அச்சங்கத்தார் மாணவர்க்கும் இளம் ஆராய்ச்சியாளர்க்கும் பயணப் பரிசில்களையும், சிறந்த கட்டுரைக்குப் பாராட்டுகளையும் ஏற்படுத்தியுள்ளனர். வளரும் நாடுகளின் பொருட்டு நடைபெறும் பிறவிக் குறை மாநாடு 2001-ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கி, 2009-ஆம் ஆண்டு புதுடில்லியிலும், 2020 பிப்ரவரியிற் கொழும்பிலும் கூடிற்று. கொழும்பு நமக்குக் கூப்பிடு தொலைவு. அத்தகைய அவை அணித்தே கூடும்பொழுதேனும் நம் இளைஞர் பலராகச் செல்லல் வேண்டாவோ?

இங்கு எழும் தடைகள் மூன்று. மாநாடு என்பது ஊர் சுற்றும் இன்பப் பயணம் என்பர் ஒரு சாரார். சிலர் அங்ஙனம் ஆக்கிக்கொள்ளுதல் மெய்யே. ஆனால் அக்குற்றம் பலமுறை சென்று பழகினாரிடத்துக் காணப்படுவது. முதன்முறை செல்லும் இளைஞரிடத்தன்று. அவர் கட்டுரையைப் பத்து முறை படித்துப் பார்த்து, கை நடுங்க மேடை ஏறுபவர். ஒருவர் செய்யும் பிழைக்காக மற்றொருவர்க்குக் கதவடைத்தல் முறையாகாது.

தொலைக்காட்சித் திரையின் வழியே வீட்டிலிருந்தே பேசலாகாதோ என்பர் மற்றொரு சாரார். 2020-க்குப் பின் அவ்வழி பெருகிற்று. அதனால் நன்மையும் விளைந்தது. செல்ல இயலாதார்க்கு அது வேண்டுவதே. எனினும், டுசல்டார்பிற் கூட்டம் கலைந்தபின் லென்சைத் தனியே அணுகிய அம்மருத்துவர், பலர் நோக்கும் திரையின் முன் தம் இல்லத்துத் துயரைக் கூறியிருப்பாரோ? உணவு வேளையிற் பக்கத்தில் அமர்ந்த பேரறிஞர், உங்கள் ஊர்க் கணக்கையும் எங்கள் ஊர்க் கணக்கையும் ஒப்பிட்டால் என்ன என்று கேட்கும் ஒரு சொல்லினின்று பத்தாண்டு ஆராய்ச்சி பிறத்தலும் உண்டு. திரை பேச்சைக் கொண்டு செல்லும்; நட்பைக் கொண்டு செல்லல் அரிது.

குழந்தைகட்கு மருத்துவம் செய்யவே பொருள் போதாதபொழுது, பயணத்திற்குக் கொடுப்பது தகுமோ என்பர் மூன்றாவது சாரார். இதுவே மிக்க வலியுடைய தடை. இதற்கு விடை காலம் என்பதே. கருவில் நரம்புக்குழல் மூடிக்கொள்வது கருத்தரித்த 28 நாட்களுக்குள். அந்நாளில் தான் கருவுற்றமையையே பல தாய்மார் அறியார். அதன்பின் எத்துணைப் பொருள் செலவிடினும் மூடாத குழலை மூடச் செய்தல் மருந்தால் இயலாது, நாளொன்றுக்கு 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் முன்னரே உட்கொண்டிருத்தல் வேண்டும். நம் பள்ளிகளில் வாரந்தோறும் கொடுத்த நீல மாத்திரையில் இரும்போடு இதுவும் கலந்திருந்தது. ஆயினும் அது சோகையைக் கருதிக் கொடுத்தது. மணமான பெண்டிர்க்கு நாள்தோறும் இதனைச் சேர்ப்பிக்கும் வழி யாது? உப்பிற் கலத்தல் தகுமோ? தென்னிந்தியச் சிற்றூர்ப் பெண்டிரிடத்து அங்ஙனம் உப்பிற் கலந்து சோதித்த ஆராய்ச்சி ஒன்று 2024-ஆம் ஆண்டு வெளிவந்தது. இத்தகைய வினாக்களுக்கு விரைவில் விடை காண்பதும், கண்ட விடையை விரைவில் ஊரெங்கும் பரப்புவதும், நூறு அறுவைகளினும் மலிவான அறம் அன்றோ? மருத்துவத்திற்குரிய பொருளைப் பறித்துப் பயணத்திற்குக் கொடுக்குமாறு யாம் கூறவில்லை. தடுப்பின் ஒரு பகுதியே இப்பயணம் என்று கூறுகின்றோம்.

ஆயின் செய்யத்தக்கன யாவை? இவ்விடத்தும் நம் பழைய நூல்களே வழிகாட்டும். பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனைக் கண்டு, இன்ன வள்ளல் இன்ன ஊரில் உளன், இவ்வழியே செல்க, இடையில் இன்ன இடத்துத் தங்குக, இன்ன உணவு கிடைக்கும் என்று கூறி வழிவிடுதலே ஆற்றுப்படை. தான் பெற்ற வழியைப் பிறர்க்கு மறையாமையே அதன் உயிர். நம் ஆராய்ச்சி உலகில் இன்று வேண்டப்படுவது இவ்வறமே. முன்பு சென்று வந்த மூத்தோர் ஒவ்வொருவரும் இளையார் ஒருவரை ஏற்று, எந்த மாநாடு தக்கது, ஆய்வுச் சுருக்கம் எங்ஙனம் எழுதுவது, எந்நிதிக்கு எப்பொழுது விண்ணப்பிப்பது, அங்குச் சென்றபின் யாரைக் காண்பது என்பனவற்றைக் கூறுவாராக. மாநாட்டில் அவ்விளைஞர் தனியே சுவரோரம் நில்லாதபடி தம் நண்பரிடத்து அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துவாராக. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்தது, உதவியை வழங்கும் முறை. சென்று வந்து சீட்டுகளைக் காட்டிய பின்னரே பொருள் தருவேம் என்னும் முறை, முன்னரே பொருளுடையானுக்குத்தான் உதவும். கையில் இல்லாதவன் கடன் வாங்கிச் செல்ல வேண்டும். பின் பல திங்கள் காத்திருத்தலும் வேண்டும். பொருநராற்றுப்படையிற் கரிகாலன் பொருநனுக்கு நிரம்பக் கொடுத்ததோடு நில்லாது, ஏழடி பின்சென்று வழிவிட்டான் எனக் காண்கின்றோம். ஏழடி பின்செல்லாவிடினும், பயணத்திற்கு முன்னரே பொருளைத் தருதலாகிய அவ்வளவு பெருந்தன்மையேனும் நம் நிதியங்கட்கு வேண்டும். மாநாடு கூட்டுவோர் வறிய நாட்டு இளைஞர்க்குப் பதிவுக் கட்டணத்தை நீக்குதலும், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்க்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடம் அமைத்தலும் தகும். குழந்தைகளின் நலம் பேசும் அவையிற் குழந்தைக்கு இடமின்மை நகைப்பிற்குரியதன்றோ?

மூன்றாவது நம்மைச் சார்ந்தது. நம் கல்லூரியின் பழைய மாணவர்கள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும், ஆவடியின் தொழிற்சாலைகளிலும், கடல் கடந்த நாடுகளிலும் நன்னிலையில் வாழ்கின்றனர். அவர்கள் ஆண்டுதோறும் சிறுதொகை சேர்த்து, கட்டுச்சோற்று நிதி என்ற பெயரால் ஒரு நிதி அமைப்பாராயின், இவ்வட்டாரத்தில் பிறவிக் குறைகளை ஆராயும் இளைஞர் ஒருவரை ஆண்டிற்கு ஒரு மாநாட்டிற்கேனும் அனுப்புதல் கூடும். அவர் எக்கல்லூரியிற் பயின்றவராயினும் எச்சமயத்தவராயினும் ஆகுக. வெளிநாட்டிற்கு அனுப்ப இயலாத ஆண்டில் புதுடில்லிக்கோ வேலூருக்கோ அனுப்பினும் நன்றே. நெடுஞ்செலவு செய்வார் கட்டுச்சோறு கொண்டு செல்லுதல் நம் மரபு. அதனைக் கட்டிக் கொடுத்தல் வீட்டிலுள்ளார் கடன்.

அங்ஙனம் சென்றாரிடமிருந்து நாம் ஒரு கைம்மாறு வேண்டுவோம். 2015-ஆம் ஆண்டு முதல் மார்ச் 3-ஆம் நாள் உலகப் பிறவிக் குறை நாளாகக் கொள்ளப்படுகின்றது. அந்நாளில் அவர் ஆவடியிலோ அம்பத்தூரிலோ பூவிருந்தவல்லியிலோ ஓர் அவையில், கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் மணமான இளம்பெண்டிரும் கேட்க, தாம் சொன்னதையும் கேட்டதையும் இனிய தமிழில் எடுத்துரைத்தல் வேண்டும். இங்கேதான் தமிழ் மாணவராகிய நமக்கும் பணி உளது. கலைச்சொற்களைத் தேடித் தருதலும், ஆங்கிலக் கட்டுரையின் சாரத்தைத் தாய்மார் உணரும் நடையில் எழுதுதலும், வதந்திகளை மறுக்கும் சிறு துண்டுத்தாள்களை அமைத்தலும் நம்மால் இயல்வனவே. 2017-ஆம் ஆண்டு ஊசியைப் பற்றிய பொய், தமிழிற் பரவிற்று. மெய்யும் தமிழிற் பரவினாலன்றி அப்பொய் அடங்காது.

ஆசிரியர்களே, மூத்த மாணவர்களே, தோழர்களே! பிரம்புத் தூற்றின்கீழ்க் கிடந்த குழவியை எடுத்த தொழிலாளி, அக்குழவி யாராவான் என ஆராய்ந்து எடுத்தானல்லன். சுப்பாராவுக்கு உதவிய அறத்தாரும் பயனை அளந்து கொடுத்தாரல்லர். நம் ஊர்களின் ஆராய்ச்சிச்சாலைகளில் இன்று யாரும் அறியாது உழைக்கும் இளைஞருள் நாளைய கிரெக்கோ லென்சோ சுப்பாராவோ இருத்தல் கூடும். இன்னார் என முன்னறிதல் நமக்கு இயலாது. வழிச்செலவு கொடுத்து வழிவிடுதல் இயலும். பழைய மாணவர் சங்கத்தார் தம் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்து ஆராய்ந்து, நல்லதொரு முடிவு காண்பாராக என வேண்டி அமைகின்றோம்.